இடது குதிகால்

வெள்ளை ஷூவை இன்னும் தூக்கிப் போடவில்லை.
கராஜில் கிடக்கிறது.
குப்பைத்தொட்டியைத் தெருவுக்குத் தள்ள
அதைத்தான் மாட்டிக்கொள்கிறேன்.

டொலீடோ. மோமி ஆற்றங்கரை ஆஸ்பத்திரி
(நம்மவர்கள் மாமி ஆறு என்பார்கள்).
நான்காம் மாடியில் பன்னிரண்டு வருட இரவுகள்.
ஒரு பிப்ரவரியில், கட்டிலிலிருந்து சரிந்த
நூற்றுப்பத்துக் கிலோ மனிதரைத்
தாங்கிப் பிடித்தேன்.
அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.
எனக்கு எம் 54.41,
இடுப்பில் பிடித்து வலது காலில் இறங்கும் வலி.
அதற்கு ஒரு எண் உண்டென்று அன்று தெரியாது.
ஐயோ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு தேர்வு எழுதி, எண்கள் படித்து,
சமையலறை மேசையில் இரண்டு திரை.
ஒன்றில் மனிதர்கள். மற்றதில் எண்கள்.
முதல் மாதம் முழுக்க
மைக்ரோவேவ் கூவினால் எழுந்து ஓடினேன்.
சர்ச்சில் இவர் எல்லாரிடமும் சொல்கிறார்:
"ஐடாவுக்கு இப்ப ஐ.டி. வேலை."

செவ்வாய்க்கிழமை ஒரு கோப்பு.
எழுபத்தொன்பது வயது, நிமோனியா, ஒன்பது நாள்.
டாக்டர் குறிப்பு, ஒன்பது நாளும்:
'தோல்: இயல்பு.'
முதல் நாள் எழுதியதை
எட்டு நாள் நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்.
காய்ச்சல் இறங்குகிறது, இருமல் மாறுகிறது,
தோல் மட்டும் அசையாமல் இயல்பாகவே இருக்கிறது.

ஐந்தாம் இரவு, மூன்று நாற்பது,
நர்ஸ் எம். கொவால்ஸ்கி:
'இடது குதிகால். கத்தரிப்பூ நிறம்.
கால் டாலர் நாணய அகலம்.
அழுத்தினால் வெளுக்கவில்லை.
தலையணை வைத்துத் தூக்கிவிட்டேன்.
டாக்டருக்குச் சொன்னேன்.'

எனக்குத் தெரியும் அந்தக் குதிகால்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஒரு கையில் காலைத் தாங்கி
மறு கை விரலால் அழுத்தி, மூன்று எண்ணி, எடுத்து,
வெளுக்குமா என்று பார்த்துக்கொண்டே இருப்பது.
கையுறைக்கு அடியில்
வண்டல் மாதிரிக் குழையும் தோல்.
அதை யாரும் எழுதுவதில்லை.

எல் 89.626. மனப்பாடம்.
போட முடியாது.
நர்ஸ் கண்டது வெறும் காட்சி,
டாக்டர் சொன்னால்தான் அது நோய்.
தேர்வில் இந்தக் கேள்விக்குச்
சரியான விடை எழுதியவள் நான்.

அதனால் ஒரு கடிதம்.
இதுதான் என்று நான் சொல்லக் கூடாது,
வழிகாட்டுவதாகிவிடும்.
'ஐந்தாம் நாள் செவிலியர் குறிப்பைக் கவனிக்கவும்.
தங்கள் மருத்துவக் கருத்தில் பொருத்தமாயின்
தெளிவுபடுத்தவும்.'

பொருத்தமாயின்!
விடியற்காலை மூன்றரைக்குப் போனில் எழுப்பி
"வந்து பாருங்க" என்று வைத்துவிடுவேன்.
வராவிட்டால் மறுபடி அடிப்பேன்.
ஒரு டாக்டர் எனக்கு
அலாரம் என்றே பெயர் வைத்திருந்தார்.

நாலு நாள் பதில் இல்லை.
அதற்குள் ஐம்பத்தெட்டுக் கோப்பு முடித்தேன்,
மூன்று பிரசவம், ஒரு பித்தப்பை,
ஏணியிலிருந்து விழுந்த ஒரு பாதிரியார் உட்பட.
தோசை ஊற்றும்போதெல்லாம்
அந்த நிறம் ஞாபகம் வந்தது.

ஐந்தாம் நாள், ஒரே வரி:
'ஆம். இடது குதிகால். அழுத்தத்தால் ஆழ்திசுக் காயம்.'
எண்ணைப் போட்டேன்.
வரும்போதே இருந்ததா என்ற கட்டத்தில்
இல்லை என்று போட்டேன்.
மேலாளர் கூப்பிட்டாள்,
ஆஸ்பத்திரிக்கு அந்த 'இல்லை' பிடிக்காது.
"நிச்சயமா, ஐடா?"
"நிச்சயம்."

கொவால்ஸ்கிக்கு இது தெரியப் போவதில்லை.
தலையணையைச் செருகிவிட்டு
அடுத்த அறை மணிக்குப் போயிருப்பாள்.
போயிருப்பானோ என்னவோ,
எம் என்பது மார்த்தாவா மைக்கேலா
கோப்பில் இல்லை.
அந்த இடுப்பு எப்படி இருக்கிறது என்பதும்.